அமர்வுச் சேமிப்பை எடுத்துவிடுவதா, சோதனைகளோடு காப்பாற்றுவதா?

உப்புவெளியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாம் சில பேர் சேர்ந்து பைத்தானில் எழுதிப் பராமரித்துவரும் உரைத்தொகுப்பியைப் பற்றிய விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த வியாழக்கிழமை மாலை மூதூரில் ஓர் ஆசிரியை வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தார். ஏழு கோப்புகள் திறந்திருந்தன. எட்டாவது, இன்னும் பெயர் வைக்காத புதிய பக்கம். அப்போது மின்சாரம் போய்விட்டது. அவருடைய மடிக்கணினியில் மின்கலம் செத்துப்போய் இரண்டு வருடமாகிறது. மின்னிணைப்பு அறுந்தால் கணினியும் அந்த நொடியே அணைந்துவிடும். முக்கால் மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. அவர் தொகுப்பியைத் திறந்தார். எதுவுமே இல்லை. ஏழு கோப்புகளும் வட்டில் பத்திரமாக இருந்தன, ஆனால் எட்டாவது பக்கம் நமது அமர்வுக் கோப்பில், அதாவது அடுத்த முறை திறக்கும்போது விட்ட இடத்தில் இருந்து தொடர்வதற்காகத் தொகுப்பி எழுதிவைக்கும் கோப்பில், மட்டும்தான் இருந்தது. அந்த அமர்வுக் கோப்பின் அளவு சுழியம் பைட்டு.

வெள்ளி இரவு முழுவதும் நிரலைப் படித்தேன். காரணம் வெட்கப்படும் அளவுக்கு எளியது. இருபது நொடிக்கு ஒருமுறை நாம் அமர்வுக் கோப்பை எழுதுவதற்காகத் திறக்கிறோம். எழுதுவதற்காகத் திறந்த கணமே அதில் இருந்த பழைய உள்ளடக்கம் அழிந்துவிடுகிறது. புதியது வட்டில் போய்ச் சேர்வதற்குச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பயனாளரைக் காப்பாற்றவே இருபது நொடிக்கு ஒருமுறை எழுதினோம். அதனாலேயே இருபது நொடிக்கு ஒருமுறை அவருடைய எழுத்தை ஆபத்தில் வைத்தோம்.

இந்தப் பகுதிக்கு நம்மிடம் ஒரேயொரு தானியங்கிச் சோதனைதான் இருக்கிறது. மூன்று கோப்புகளைத் திறந்து, சேமித்து, மூடி, மறுபடி திறந்து, மூன்றும் வந்தனவா என்று பார்க்கும். அது எப்போதும் தேர்ச்சி பெற்றுக்கொண்டே இருந்தது. எல்லாம் சரியாக நடக்கும் நாளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதைத் தவிர அது எதையும் சொல்லவில்லை.

அமர்வுச் சேமிப்பையே எடுத்துவிடலாம் என்று நம்மில் ஒருவர் சொல்கிறார். அதைப் பேசத்தான் இந்த இழை.


ஓர்ஸ்ஹில் வாசி எழுதியது:

அதைச் சொன்னவன் நான்தான். காரணத்தையும் நானே சொல்கிறேன்.

மூத்த தொகுப்பிகள் இரண்டையும் பாருங்கள். ஈமாக்ஸில் அமர்வைக் காக்கும் வசதி உண்டு, ஆனால் பயனாளர் கேட்டால்தான் இயங்கும். விம்மில் அமர்வை எழுதக் கட்டளை உண்டு, கட்டளை இட்டால்தான் எழுதும். இரண்டுமே திறந்திருந்த கோப்புகளின் பட்டியலையும் அவற்றின் நிலையையும்தான் அமர்வாகக் கருதுகின்றன. சேமிக்காத எழுத்தைக் காப்பது வேறு வேலை. அதை விம் தனியாக ஒரு மாற்றுக் கோப்பில் செய்கிறது: 200 எழுத்து தட்டியதும், அல்லது நான்கு நொடி கை ஓய்ந்ததும் அதில் எழுதிவிடும். ஈமாக்ஸ் 300 விசையழுத்தத்துக்கு ஒருமுறை, அல்லது முப்பது நொடி ஓய்ந்தால், ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகத் தானே ஒரு பிரதி எடுக்கிறது. பல்லாண்டு அனுபவத்தில் அவர்கள் பிரித்துவைத்ததை நாம் ஒரே கோப்பில் போட்டுப் பிசைந்துவிட்டோம்.

ஆசிரியைக்கு நேர்ந்த இழப்புக்கு அதுதான் மூலம். நிலைகாட்டி (கர்சர்) நின்ற இடம் தொலைந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு மாலை நேர உழைப்பு தொலைந்தால் அது நட்டம். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கக்கூடாது.

பராமரிக்க ஆள் இல்லாத வசதியை வைத்திருப்பது பயனாளருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். இல்லாத வசதியை யாரும் நம்பி இருக்கமாட்டார்கள்.


மூதூர் ஆசிரியை எழுதியது:

வணக்கம். அந்த எட்டாவது பக்கம் என்னுடையதுதான். கோபத்தில் எழுதவில்லை. பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழுதி முடித்துவிட்டேன்.

ஓர்ஸ்ஹில் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிலைகாட்டி நின்ற இடம் தொலைந்தால் நட்டமில்லை என்கிறீர்கள். எனக்கு இருக்கிறது. தரம் 9 தமிழ் வினாத்தாளில் இருபத்தெட்டாம் கேள்வியை எழுதிக்கொண்டிருக்கையில் பாடசாலை மணி அடிக்கும். மூடியை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு திறந்தால், இருபத்தெட்டாம் கேள்வியில், எந்தச் சொல்லில் விட்டேனோ அந்தச் சொல்லின் பக்கத்தில் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். பாதியில் விட்ட யோசனை அந்த இடத்தைப் பார்த்ததுமே திரும்பி வந்துவிடும். ஒரு நாளில் எனக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடத்தைத் தேடுவதில் விட முடியாது. எடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு குறை. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் கோப்புகளில் பாதி பென்டிரைவில் இருக்கின்றன. வீட்டில் அதைச் செருக மறந்து தொகுப்பியைத் திறந்தால், அந்தக் கோப்புகள் இல்லை என்று சொல்லிவிட்டு மற்றவற்றைத் திறக்கிறது. அது சரி. ஆனால் மறுநாள் பாடசாலையில் பென்டிரைவைச் செருகித் திறந்தாலும் அவை வருவதில்லை. ஒரு நாள் காணாதவற்றை அது அடியோடு மறந்துவிடுகிறது. ஒவ்வொன்றாகத் தேடித் திறக்க வேண்டியிருக்கிறது.


உப்புவெளியான் எழுதியது:

டீச்சர், நீங்கள் வந்து எழுதியதற்கு நன்றி. உங்கள் பக்கம் தொலைந்தது எங்கள் பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

பென்டிரைவ் விஷயம் எனக்கு இன்றுதான் தெரியும். நிரலைப் பார்த்தேன். திறக்க முடியாத கோப்பைப் பட்டியலில் இருந்து தூக்கிவிடுகிறோம், மூடும்போது அந்தக் குறைந்த பட்டியலையே எழுதுகிறோம். அதனால்தான் மறதி நிரந்தரமாகிறது. காணாத கோப்பு பட்டியலில் இருக்கவே வேண்டும், அதன் நிலைகாட்டி இடத்தோடு. தாவல் வரிசையில் மங்கலாகக் காட்டினால் போதும். பயனாளர் தன் கையால் மூடினால் மட்டும் நீங்கட்டும். இதற்கான சோதனை நான்கு வரிதான்: கோப்பை வேறிடத்துக்கு நகர்த்து, தொகுப்பியைத் திறந்து மூடு, கோப்பைத் திரும்பக் கொண்டுவந்து வை, மறுபடி திற. பழைய இடத்தில் பழைய நிலையோடு வந்து நிற்க வேண்டும். இன்று காலை எழுதினேன், தோற்றது, மாலையில் நிரலைத் திருத்தியதும் தேர்ந்தது.

ஓர்ஸ்ஹில் அண்ணா சொன்ன பிரிப்பை முழுமனதோடு ஏற்கிறேன். இனிமேல் சேமிக்காத எழுத்து ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. அமர்வுக் கோப்பில் அதன் பெயர் மட்டும் இருக்கும். அமர்வுக் கோப்பு பழுதானாலும் அந்தக் கோப்புறையில் இருப்பவற்றை எடுத்துப் பயனாளரின் முன் வைக்கலாம்.

எழுதும் முறையையும் மாற்றுகிறேன். முதலில் அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதுவது. பிறகு எஃப்சிங்க் அழைத்து, வட்டுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருப்பது. அதன் பிறகே பழைய பெயருக்கு மாற்றுவது. பெயர் மாற்றம் பிளவுபடாத செயல். பார்ப்பவருக்குப் பழையது முழுதாகத் தெரியும், அல்லது புதியது முழுதாகத் தெரியும், நடுவில் ஒன்று கிடையாது. தற்காலிகக் கோப்பு அதே கோப்புறையில் இருப்பது முக்கியம், ஒரு வட்டுப் பிரிவில் இருந்து இன்னொன்றுக்குப் பெயர் மாற்ற முடியாது.

எஃப்சிங்க் தேவையா என்று கேட்பவர்களுக்கு: 2009இல் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை லினக்ஸில் பரவத் தொடங்கியபோது இதே துன்பம் பலருக்கு வந்தது. அது எழுத்தை வட்டில் இடுவதைத் தள்ளிப்போடும், பெயர் மாற்றத்தை முந்திச் செய்துவிடும். நடுவில் கணினி அணைந்தால் சுழியம் பைட்டுக் கோப்பு. பிறகு லினக்ஸ் கருவிலேயே அதற்கு ஒரு காப்பு சேர்த்தார்கள். அந்தக் காப்பை நம்பி நம் கடமையை விடுவது சரியல்ல.


கிண்ணியாக்காரன் எழுதியது:

அண்ணா, நான் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன். போன மாதம்தான் இந்தத் திட்டத்தில் சேர்ந்தேன். இரண்டு கேள்வி, ஒரு முறைப்பாடு.

முறைப்பாடு முதலில். சோதனைகளை என் கணினியில் ஓட்டினேன். ஓடி முடிந்து தொகுப்பியைத் திறந்தால் என் ஒப்படைப்புக் கோப்புகள் எதுவும் இல்லை. "அ", "ஆ", "இ" என்ற பெயரில் மூன்று வெற்றுக் கோப்புகள் திறக்கின்றன. சோதனை தனக்கென்று ஓர் இடம் வைத்துக்கொள்ளாமல் என்னுடைய உண்மையான அமர்வின் மீதே எழுதிவிட்டது. சோதனையை ஓட்டியவனின் வேலையைச் சோதனையே அழித்தால் அடுத்த முறை யார் ஓட்டுவார்கள்?

கேள்வி ஒன்று: மின்வெட்டை எப்படிச் சோதிப்பது? தொகுப்பியை ஓடவிட்டு, கில் கட்டளையால் திடீரென்று கொன்று, மறுபடி திறந்து பார்க்கும் ஒரு சோதனையை எழுதியிருக்கிறேன். பழைய நிரலோடு ஓட்டினால்கூடப் பெரும்பாலும் தேர்ந்துவிடுகிறது. நூறு முறை ஓட்டினால் ஓரிரு முறை தோற்கிறது. அப்படியானால் இது சோதனையா, அதிர்ஷ்டமா?

கேள்வி இரண்டு: இருபது நொடிச் சேமிப்பைச் சோதிக்கும் நிரல் உண்மையிலேயே இருபத்தொரு நொடி தூங்குகிறது. என் பழைய கணினியில் அதுவும் போதாமல் சில வேளை தோற்கிறது. மாற்றலாமா?


உப்புவெளியான் எழுதியது:

தம்பி, உங்கள் அமர்வை அழித்ததற்கு வருந்துகிறேன். அதை உடனே சரிசெய்தேன். நாம் சோதனைகளை ஓட்டும் கருவியான பைடெஸ்ட் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தற்காலிகக் கோப்புறை தரும். அமைப்புக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் சூழல் மாறியை எல்லாச் சோதனைக்கும் முன்பாக அந்தக் கோப்புறைக்குத் திருப்பிவிட்டேன். சோதனை எழுதுபவர் அதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, தானாகவே நடக்கும். ஈமாக்ஸில் சோதனை ஓட்டுபவர்கள் பயனாளரின் அமைப்புகள் எதையும் படிக்காத நிலையில் அதைத் தொடங்குவார்கள். நாம் அந்தப் பழக்கத்தை முதல் நாளே எடுத்திருக்க வேண்டும்.

மின்வெட்டைப் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. கில் கட்டளை தொகுப்பியைத்தான் கொல்கிறது, லினக்ஸ் உயிரோடுதான் இருக்கிறது. தொகுப்பி எழுதிக் கொடுத்தது நினைவகத்தில் காத்திருக்கும், லினக்ஸ் அதை ஆறுதலாக வட்டில் சேர்த்துவிடும். மின்சாரம் போனால் அந்த நினைவகமும் போய்விடும். இரண்டும் வேறு வேறு சாவு. அதனால் உங்கள் சோதனை எத்தனை முறை தேர்ந்தாலும் டீச்சரின் வியாழக்கிழமையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நான் செய்வது இது. வட்டில் எழுதும் வேலை முழுவதையும் ஒரே ஒரு சிறிய சார்புக்குள் (ஃபங்ஷன்) கொண்டுவந்துவிட்டேன். சோதனையில் அதற்குப் பதிலாக ஒரு போலியை வைக்கிறேன். அந்தப் போலி, சொன்ன எண்ணிக்கை பைட்டு எழுதியதும் "மின்சாரம் போய்விட்டது" என்று நின்றுவிடும். முதலில் சுழியம் பைட்டில் நிற்கச் சொல்கிறேன், பிறகு ஒன்று, பிறகு இரண்டு, இப்படிக் கடைசி பைட்டுவரை. ஒவ்வொரு முறையும் தொகுப்பியைத் திறந்து பார்த்தால், பழைய அமர்வு முழுதாக வர வேண்டும், அல்லது புதிய அமர்வு முழுதாக வர வேண்டும். எஃப்சிங்க் அழைக்காமல் பெயர் மாற்றினால் போலி உடனே சோதனையைத் தோற்கடிக்கும். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. பழைய நிரலை இதில் ஓட்டினேன், சுழியம் பைட்டிலேயே தோற்றது.

உண்மையான மின்வெட்டு இதைவிடக் குழப்பமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வட்டே பொய் சொல்லலாம், எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தன் உள் நினைவகத்தில் வைத்திருக்கலாம். அதற்கு நம்மால் சோதனை எழுத முடியாது. அதற்காகத்தான் முந்தைய அமர்வின் ஒரு பிரதியையும் பக்கத்தில் வைக்கிறேன்.

நேரத்தைப் பற்றி: தாராளமாக மாற்றுங்கள். கடிகாரத்தைச் சேமிப்புப் பகுதிக்கு வெளியில் இருந்து கொடுங்கள். சோதனையில் பொம்மைக் கடிகாரத்தைக் கொடுத்து முள்ளை நாமே இருபது நொடி நகர்த்தலாம். தூங்கும் சோதனை எதையும் இனி ஏற்கமாட்டேன்.


கடல்முகத்தெரு அச்சுக்காரர் எழுதியது:

நான் நிரல் எழுதுபவன் அல்ல. அச்சுக்கு முன் பக்கம் கோப்பவன். கோயில் மலர், நினைவு மலர், அழைப்பிதழ் என்று நாள் முழுக்கத் தமிழ் தட்டுகிறேன். இழையைப் பார்த்ததும் எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றியது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மலருக்கான கட்டுரை வேலை. கொழும்பில் இருந்து ஒருவர் மேக் கணினியில் தயாரித்து அனுப்பிய எழுத்தை எடுத்து ஒட்டினேன். பாதியில் சேமித்து மூடினேன். காலையில் திறந்ததும் நான் விட்ட இடத்தில் நிலைகாட்டி இல்லை, பல வரி தள்ளி நின்றது. அதைக் கவனிக்காமல் "ம" என்று தட்டிவிட்டேன். "திருகோணமலை" என்ற சொல் "திருகமோணமலை" ஆகிவிட்டது. ககரத்துக்கும் அதன் ஓகாரக் குறிக்கும் நடுவில் புகுந்து, குறியைப் பிடுங்கி மகரத்துக்குக் கொடுத்துவிட்டது. தமிழில் ஓர் எழுத்தின் வயிற்றுக்குள் நிலைகாட்டி எப்படிப் போய் நிற்கும்? படி பார்த்தவர் கண்டுபிடித்திராவிட்டால் ஊர்ப் பெயரே பிழையாக அச்சேறியிருக்கும்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பாமினிக்குத் திரும்பச் சொல்லமாட்டேன். அன்று தட்டிய மலர்களில் ஒரு சொல்லைத் தேட முடியவில்லை, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.


உப்புவெளியான் எழுதியது:

அண்ணா, இந்த வழுவை மூன்று மாதம் மனதில் வைத்திருந்தீர்களா! இதை நீங்கள் விவரித்த விதத்திலேயே காரணம் பிடிபட்டுவிட்டது.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். திருகோணமலை. நமக்கு ஆறு எழுத்து: தி, ரு, கோ, ண, ம, லை. யூனிகோடில் அது பத்துக் குறியீடு, ஏனென்றால் தி, ரு, கோ, லை நான்கும் உடம்பும் குறியுமாக இரண்டிரண்டு. யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆக முப்பது பைட்டு. இத்தோடு முடியவில்லை. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் இரட்டைக்கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் சொல்கிறது, திரையிலும் ஒரே மாதிரித் தெரியும். பிரித்து எழுதினால் அதே ஊர்ப் பெயர் பதினொரு குறியீடு, முப்பத்து மூன்று பைட்டு.

உங்களுக்கு வந்த கட்டுரை பிரித்து எழுதப்பட்டிருந்திருக்கிறது. நமது தொகுப்பி வட்டில் சேமிக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மாற்றுகிறது. ஆனால் நிலைகாட்டியின் இடத்தை மாற்றத்துக்கு முந்தைய எழுத்தில் எண்ணி அமர்வில் குறிக்கிறது. கட்டுரையில் நிலைகாட்டிக்கு முன்னால் எத்தனை கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் இருந்தனவோ அத்தனை குறியீடு தள்ளிப்போகும். நீளமான கட்டுரையில் பல வரி. போய் விழுந்த இடம் எழுத்தின் நடுவாக இருந்தது உங்கள் துரதிர்ஷ்டம்.

கோப்புப் பெயரிலும் இதே கதை. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் வைக்கும். லினக்ஸ் எதையும் மாற்றாது, பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும். "கோணேசர்" என்ற பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை இன்று என் திரையில் உருவாக்கிப் பார்த்தேன். கண்ணுக்கு வேறுபாடே இல்லை. ஆகவே வட்டில் உள்ள பெயரை நாம் ஒருபோதும் திருத்தக்கூடாது, கிடைத்த பைட்டுகளை அப்படியே அமர்வில் வைக்க வேண்டும். உள்ளடக்கத்துக்கு ஒரு விதி, பெயருக்கு வேறு விதி.

புதிய ஏற்பாடு: எண்ணுவதற்கு முன்பே வடிவத்தை மாற்றுவது. திறக்கும்போது, குறித்த இடம் எழுத்தின் நடுவில் விழுந்தால் அந்த எழுத்தின் தொடக்கத்துக்கு நகர்த்துவது. சோதனைக்கு "திருகோணமலை"யை இரண்டு வடிவத்திலும் வைத்திருக்கிறேன்.

க்ஷ, ஸ்ரீ இரண்டையும் என்ன செய்வது என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். யூனிகோட் விதிப்படி க் ஒன்று, ஷ ஒன்று. நிலைகாட்டி நடுவில் நிற்கலாம்.


கடல்முகத்தெரு அச்சுக்காரர் எழுதியது:

நிற்கக்கூடாது தம்பி. க்ஷ எங்களுக்கு ஒரே எழுத்து. ஸ்ரீயும் அப்படித்தான். அச்சில் இரண்டும் ஒரே உருவம்.


ஓர்ஸ்ஹில் வாசி எழுதியது:

நான் நினைத்ததைவிட இங்கே ஆழம் அதிகம் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். டீச்சர் சொன்ன இருபத்தெட்டாம் கேள்விதான் என் மனதை மாற்றியது. ஆனால் பராமரிப்பது என்று முடிவெடுத்தால் சில விஷயங்களில் உறுதியாக இருக்க வேண்டும்.

ஒன்று, தொகுப்பி இரண்டு முறை திறந்திருந்தால் கடைசியாக மூடுவது மற்றதன் அமர்வை அழித்துவிடும். ஈமாக்ஸ் இதற்கு ஒரு பூட்டுக் கோப்பு வைத்து அதில் செயல்முறை எண்ணை, அதாவது ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்ணை, எழுதுகிறது. நாமும் அதைச் செய்கிறோம், ஆனால் நம் ஊரில் அது அடிக்கடி ஏமாற்றும். மின்சாரம் போனால் பூட்டுக் கோப்பு நீக்கப்படாமல் கிடக்கும். கணினி மறுபடி எழும்போது அதே எண் வேறொரு செயல்முறைக்குக் கிடைத்திருக்கலாம். உடனே நமது தொகுப்பி, தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து அமர்வைத் திறக்க மறுக்கும். லினக்ஸ் ஒவ்வொரு முறை எழும்போதும் தனக்கொரு புதிய அடையாளம் வைத்துக்கொள்கிறது, யாரும் அதைப் படிக்கலாம். செயல்முறை எண்ணோடு அதையும் பூட்டில் எழுதினால், அடையாளம் மாறியிருந்தாலே பூட்டு செத்தது என்று தெரிந்துவிடும். இதை நானே எழுதித் தருகிறேன், சோதனையோடு.

அடுத்தது அமர்வுக் கோப்பின் வடிவம். அதில் பதிப்பு எண் இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே வையுங்கள். பாடசாலைக் கணினிகளில் நமது தொகுப்பியின் பழைய பதிப்புகள் இன்னும் ஓடுகின்றன. புதியதில் எழுதிய அமர்வைப் பழையது திறந்து, புரியாததை வீசிவிட்டு, புரிந்ததை மட்டும் எழுதிவைத்தால் நட்டம் பயனாளருக்கு. தனக்குப் புரியாத பதிப்பைக் கண்டால் தொடாமல் ஒதுங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பும் எழுதிய அமர்வுக் கோப்பின் மாதிரி ஒன்று சோதனைக் கோப்புறையில் நிரந்தரமாக இருக்க வேண்டும். இன்றைய நிரல் அவை எல்லாவற்றையும் திறக்க வேண்டும். விம்மின் மூலநிரலில் அமர்வுக் கட்டளைக்கென்றே தனிச் சோதனைக் கோப்பு உண்டு. ஈமாக்ஸுக்கு 24ஆம் பதிப்பில் இருந்து சோதனைக் கருவி கூடவே வருகிறது. பெரியவர்கள் இதைச் சும்மா செய்யவில்லை. புதிய நிரல் எழுத வருபவர்கள் பழைய மாதிரியை அழித்துவிட்டு "சோதனை தேர்ந்தது" என்று சொல்வதை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். மாதிரியைத் திருத்தும் எந்த மாற்றத்தையும் இரண்டு பேர் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.


உப்புவெளியான் எழுதியது:

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நாம் உருவாக்கும் மாதிரி எப்போதும் ஒழுங்காக இருக்கும்: மூன்று கோப்பு, ஆளுக்கொரு வரி. உண்மையான பயனாளரின் அமர்வு அப்படி இருக்காது. நாம் இந்த இழையில் கண்ட வழுக்கள் நான்கும் பயனாளரிடம் இருந்தோ, சோதனையை ஓட்டியவரிடம் இருந்தோ வந்தவை. நாமாக யோசித்து ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அதனால் மாதிரிகள் உண்மையான அமர்வுகளாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். டீச்சர், உங்களுடையதைத் தருவீர்களா?


மூதூர் ஆசிரியை எழுதியது:

தருவதில் தயக்கமில்லை, ஆனால் அதில் என்னென்ன இருக்கும்? என் கோப்புகளின் பெயர்களில் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. புள்ளிப் பட்டியல் ஒன்று திறந்திருக்கிறது. சேமிக்காத பக்கத்தில் ஒரு பிள்ளையின் வீட்டு நிலைமை பற்றி அதிபருக்கு எழுதிய கடிதம் பாதியில் இருக்கிறது. அவை வெளியே போகக்கூடாது.


உப்புவெளியான் எழுதியது:

நல்லவேளை கேட்டீர்கள். நான் யோசிக்காமலே கேட்டுவிட்டேன். அப்படியே அனுப்ப வேண்டாம். ஒரு சிறிய நிரல் அனுப்புகிறேன், உங்கள் கணினியிலேயே ஓட்டுங்கள். அது ஒவ்வொரு எழுத்தையும் அதே வகையைச் சேர்ந்த வேறோர் எழுத்தாக மாற்றும்: உயிர்மெய்க்கு அதே குறியோடு வேறு உயிர்மெய், கோவுக்குப் பதில் போ, பிரித்து எழுதியதற்குப் பதில் பிரித்து எழுதியது. பொருள் அழிந்துவிடும், பைட்டுக் கணக்கு மாறாது. மாற்றியதை நீங்கள் ஒருமுறை வாசித்துப் பார்த்து, ஒரு சொல்கூட விளங்கவில்லை என்றால் மட்டும் அனுப்புங்கள். இனிமேல் யாரிடம் கேட்டாலும் இந்த முறையில்தான் கேட்போம்.


கிண்ணியாக்காரன் எழுதியது:

டீச்சர் அனுப்பிய மாதிரியை நேற்று இரவு ஓட்டினேன். ஒரு புதிய வழு கிடைத்தது, நிரலையும் அனுப்பியிருக்கிறேன். விவரம் இதோ.

உப்புவெளி அண்ணா எழுதியது எழுதும் பக்கத்துச் சோதனை. நான் வாசிக்கும் பக்கத்துக்கு ஒன்று எழுதினேன். அமர்வுக் கோப்பை ஒவ்வொரு பைட்டிலும் வெட்டிக் குறையாக்கித் திறப்பது. குறைக் கோப்பைக் கண்டால் தொகுப்பி முந்தைய பிரதிக்குப் போக வேண்டும். பழைய மாதிரியில், கோப்புப் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில் இருந்தன, எல்லாமே தேர்ந்தது. டீச்சருடையதில் முதல் தமிழ்ப் பெயர் வந்ததுமே தோற்றது. எங்கே என்று பார்த்தால், மூன்று வெட்டில் இரண்டு தோற்கின்றன, ஒன்று தேர்கிறது, மறுபடி இரண்டு தோற்கின்றன. அரை மணி நேரம் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தமிழ்க் குறியீடு மூன்று பைட்டு என்று அண்ணா எழுதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நமது அமர்வுக் கோப்பு ஜேசன் என்ற வடிவத்தில் இருக்கிறது. குறியீட்டின் எல்லையில் வெட்டினால் பைத்தான் "ஜேசன் குறையாக இருக்கிறது" என்கிறது, அந்தப் பிழையை நாம் பிடித்து முந்தைய பிரதிக்குப் போகிறோம். குறியீட்டின் நடுவில் வெட்டினால் ஜேசனை வாசிக்கும் முன்பே "எழுத்தே புரியவில்லை" என்கிறது. அது வேறு பிழை, நாம் அதைப் பிடிக்கவில்லை, தொகுப்பி அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டு பிழைக்கும் பொதுவான தாய்ப் பிழை ஒன்று பைத்தானில் இருக்கிறது. அதைப் பிடித்ததும் எல்லா வெட்டும் தேர்ந்தன. திருத்தம் ஒரே வரி.

மேலே இன்னொன்றும் செய்தேன். சோதனைக் கோப்புறையில் ஆங்கிலப் பெயரோடு இருந்த மாதிரிக் கோப்புகள் அனைத்துக்கும் தமிழ்ப் பெயர் வைத்துவிட்டேன். அண்ணா, இதற்கு இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று விதி. ஓர்ஸ்ஹில் ஐயாவும் பார்த்தால் நல்லது.


ஓர்ஸ்ஹில் வாசி எழுதியது:

பார்த்தேன். ஆங்கிலப் பெயருள்ள மாதிரி ஒன்றை மட்டும் திரும்ப வையுங்கள், அப்படியும் பயன்படுத்துபவர்கள் உண்டு. மற்றபடி என் ஒப்புதல்.


உப்புவெளியான் எழுதியது:

நானும் பார்த்தேன், சேர்த்துவிட்டேன். ஓர்ஸ்ஹில் அண்ணாவின் பூட்டுக் கோப்பு வந்ததும் புதிய பதிப்பு வெளியிடுவோம். க்ஷவும் ஸ்ரீயும் அச்சுக்கார அண்ணா சொன்னபடியே ஒரே எழுத்தாக இருக்கும், அவற்றுக்கும் சோதனை எழுதியாயிற்று.

டீச்சர், புதிய பதிப்பை நிறுவும் முன் உங்கள் பழைய அமர்வுக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பென்டிரைவைச் செருகாமல் ஒருமுறை திறந்து மூடிவிட்டு, பிறகு செருகித் திறந்து பாருங்கள். இருபத்தெட்டாம் கேள்வியில் நிற்கவில்லை என்றால் எந்த நேரமானாலும் எழுதுங்கள்.


மூதூர் ஆசிரியை எழுதியது:

நிற்கிறது.